பேசக்கூடாத பதினைந்து நாட்கள்

மருத்துவமனையில் படிவம் நிரப்பிய பெண் வயது, ஊர், வேலை எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, "கூட யாருங்க வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

யாரும் வரவில்லை. ஆரணியிலிருந்து காலை முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்து வேலூருக்குத் தனியாகத்தான் வந்திருந்தேன். குரல்நாணில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி. மயக்க மருந்து கொடுத்து எடுத்துவிடலாம், சாயந்திரமே வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கு எதற்குத் துணை என்று இருந்துவிட்டேன்.

"அட்டெண்டர் இல்லாம தியேட்டருக்குள்ள எடுக்க மாட்டாங்க மேடம். கையெழுத்துப் போட ஒருத்தராவது வேணும்."

வராந்தாவில் போய் நின்று கைப்பேசியைத் திறந்தேன். தொலைக்காட்சி நிருபராக இருந்த காலத்திலிருந்து சேர்ந்த எண்கள் அதில் குவிந்து கிடந்தன. பெயர் மறந்துவிடும் என்று செய்தியின் பெயரிலேயே ஆட்களைப் பதிந்து வைப்பது என் பழக்கம். 'சேத்துப்பட்டு லாரி விபத்து அண்ணன்', 'வெம்பாக்கம் வறட்சி அம்மா', 'ஏரி உடைப்பு வி.ஏ.ஓ.' விரலால் தள்ளிக்கொண்டே போனேன். இவர்களில் யாரைக் கூப்பிட்டாலும் அடுத்த நிமிடம், "சொல்லுங்க மேடம், என்ன நியூஸ்?" என்பார்கள். ஓசூரில் இருக்கும் அண்ணனைக் கூப்பிடலாம்தான். ஆனால் அவன் வந்து சேர மதியம் ஆகிவிடும். அதைவிட, முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். 

கடைசியில் என்னோடு படப்பிடிப்புக்கு வரும் கேமராக்காரரை அழைத்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆற்காட்டிலிருந்து இரண்டு சக்கர வண்டியில் ஓடி வந்தார். படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவராகவே 'தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் ஏன் இரண்டு வேலை பார்த்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவத்தான் நினைத்தேன். தாவி முடிக்கவில்லை, அவ்வளவுதான். சென்னையில் பன்னிரண்டு வருடம் தொலைக்காட்சிச் செய்தியில் இருந்தேன். அதன் பிறகு வேலூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒளிபரப்பு இதழியல் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. சேர்ந்தேன். ஆனால் சேனலை விட மனம் வரவில்லை. அவர்களும் விடவில்லை. வட மாவட்டங்களைப் பற்றி வாரம் ஒரு அரை மணி நேர நிகழ்ச்சி. எழுதுவதும் பின்னணிக் குரல் கொடுப்பதும் நான். திங்கள் முதல் வியாழன் வரை வகுப்பு. வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு. சனிக்கிழமை காலை சென்னைப் பேருந்து, ஒலிப்பதிவு, இரவு திரும்பி வருவது. ஞாயிறு விடைத்தாள். பல்கலைக்கழகத்துக்கும் போகலாம், சென்னைக்கும் நேராகப் பேருந்து உண்டு என்பதுதான் ஆரணியைத் தேர்ந்தெடுத்த காரணம். ஆரணியை ஒட்டிய சேவூரில் ஒரு நெசவாளர் வீட்டின் மாடியில் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. கீழே இரண்டு தறிகள். பகல் முழுக்கச் சத்தம். பகலில் நான் வீட்டில் இருந்தால்தானே என்று வந்துவிட்டேன்.

இரண்டு வேலைக்கும் குரல்தான் முதல். ஆனால் ஒரே குரல் அல்ல. மைக்குக்குப் பேசும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பது போலத் தாழ்த்திப் பேச வேண்டும். வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும், மேலே ஓடும் ஆறு மின்விசிறிகளையும் தாண்டி, எறிய வேண்டும். வியாழக்கிழமை வரை எறிந்த குரலைச் சனிக்கிழமை தாழ்த்த முயன்றால் அது உடையும். உடையத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெந்நீர், பனங்கற்கண்டு, மிளகு என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை ஒலிப்பதிவுக் கூடத்தில், "விவசாயிகள் வேதனை" என்று வாசிக்கும்போது 'வேதனை' வரவே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பையன்கள் நான் நடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும் மருத்துவர் வந்தார். "பதினைந்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னு பேசுறது அதைவிட மோசம். இருமல் வந்தாக்கூட அடக்கிக்கங்க. வீட்டுல இருக்கவங்ககிட்ட சொல்லிடுங்க, உங்களைப் பேச வைக்காம பாத்துக்கச் சொல்லுங்க."

கேமராக்காரர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

அன்று மாலை அவர் என்னை வண்டியில் சேவூர் வரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவர், கண்ணமங்கலம் தாண்டியதும் நிறுத்திக்கொண்டார். பதில் வராத இடத்தில் எவ்வளவு நேரம் பேச முடியும்? மூன்று பேருக்கு அன்று செய்தி அனுப்பினேன். துறைத்தலைவருக்கு, சேனலின் செய்தி ஆசிரியருக்கு, அண்ணனுக்கு. அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினான். அவன் அதைச் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்கார அம்மாவிடம் மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

அவர் கண்ணாடி இல்லாமல் தாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். ஐம்பதை ஒட்டிய வயது. எப்போதும் ஏதோ வேலையிலிருந்து பாதியில் எழுந்து வந்தது போல ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நிற்பார்.

"ஐயே, பதினஞ்சு நாளா? மௌன விரதம் மாதிரிங்களா?"

இல்லை என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"புரியுது புரியுது. நீங்க ஒண்ணும் பேசாதீங்க. கஞ்சி வெச்சுத் தரேன்."

அவருடைய கணவர் உள்ளேயிருந்து, "யாரு? இன்னாவாம்?" என்று குரல் கொடுத்தார். "மேல் வீட்டு மேடத்துக்குத் தொண்டைல ஆபரேசனாம். நீ ஒண்ணும் கேட்டு பேஜார் பண்ணாத" என்று அந்த அம்மா பதில் சொன்னார்.

முதல் ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விஷயம் உறைத்தது. காலையில் எழுந்தபோதே எச்சரிக்கையாக இருந்தேன். மறந்து பேசிவிடக்கூடாது என்று வாயில் ஒரு கைக்குட்டையைக்கூடக் கட்டிக்கொண்டேன். தோசை வார்த்தேன். துணி துவைத்தேன். விடைத்தாள் திருத்தினேன். பூசையில் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் மாதா கோயிலுக்குப் போகவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் நான் ஞாயிறு பூசைக்குப் போவதை நிறுத்தி வருடங்கள் ஆகியிருந்தன. மாலை விளக்குப் போடும்போது கைக்குட்டையை அவிழ்த்தேன். அன்று முழுவதும் வாயைத் திறக்க வேண்டிய ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றை யோசித்துப் பார்த்தேன். அதற்கும் முந்தையதை. மருத்துவர் போட்ட தடை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஏற்கெனவே இருந்தது. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

அழுதேனா என்று கேட்டால், இல்லை. அழுதால் தொண்டை இறுகும் என்று எங்கோ படித்திருந்தேன்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். விடுப்பு எடுக்கலாம் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். மாடி அறையில் உட்கார்ந்து என்ன செய்வது? அந்தப் பருவத்தில் நான் நடத்தியது நேர்காணல் பாடம். முதல் நாள் பலகையில் எல்லாவற்றையும் எழுதினேன். நான் எழுதும் வரை காத்திருந்த மாணவர்கள் சுண்ணாம்புக் கட்டி நின்றதும் பேசினார்கள், நான் திரும்பியதும் நிறுத்தினார்கள். இரண்டாம் நாளிலிருந்து அவர்கள் பதிவு செய்து வந்த நேர்காணல்களை ஓடவிட்டு, கருத்துகளைத் தாளில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். வழக்கமாக ஒவ்வொன்றையும் பாதியில் நிறுத்தி, "இங்க வெட்டியிருக்கணும், இங்க அடுத்த கேள்விக்குப் போயிருக்கணும்" என்று சொல்வேன். இப்போது முழுவதையும் கேட்க வேண்டியிருந்தது.

வீட்டில் ஒரு மாற்றம் நடந்தது. வீட்டுக்கார அம்மா மாடிக்கு வரத் தொடங்கினார்.

மூன்று வருடமாக அவர் துணி காயப்போட மட்டும் மாடிக்கு வருவார். நான் இருந்தால் "என்னங்க, வேலை முடிஞ்சுதா? வெயில் அதிகமா? பையன் லீவுக்கு வரானா?" என்று கேட்பேன். அவர் "ஆமாங்க", "இல்லீங்க", "வரான்ங்க" என்பார். நானும் நன்றாகப் பேசிவிட்ட திருப்தியில் உள்ளே போய்விடுவேன். இப்போது கஞ்சி கொண்டுவந்தவர் தம்ளரை வாங்கிப் போகக் காத்திருந்தார். காத்திருக்கும்போது பேசினார். நான் தலையாட்டினேன். மறுநாள் தம்ளரை வாங்கிய பிறகும் நின்றார். அடுத்த நாள் கதவோரம் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் நோட்டில் பதில் எழுதிக் காட்டிப் பார்த்தேன். கண்ணாடி கீழே இருக்கிறது என்பார். ஆகவே எழுதுவதையும் விட்டேன். ஓரகத்தியோடு ஐந்து வருடம் பேசாமல் இருந்தது, கோவையில் வேலை பார்க்கும் மகன் போனில் "சாப்ட்டியா" என்பதைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை என்பது, கல்யாணமாகி வந்த புதிதில் தறிச் சத்தத்தில் தூக்கம் வராமல் இருந்தது, இப்போது தறி நின்றால் விழிப்பு வந்துவிடுவது. அவர் சொல்லிக்கொண்டே போனார். எதற்கும் முன்னுரை இல்லை, முடிவும் இல்லை. கீழேயிருந்து கணவர் கூப்பிட்டால் பாதியில் எழுந்து போவார். மறுநாள் அந்த இடத்திலிருந்தே தொடங்குவார்.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, மாலை ஐந்து மணி இருக்கும். கைப்பிடிச் சுவரில் துணியைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்குதுங்க. நீங்க பதில் சொல்ல முடியாது. அதான் தைரியமா கேக்குறேன்."

சொல்லுங்கள் என்று கையைக் காட்டினேன்.

"அன்னிக்கு நான் பேசுனதை ஏங்க டிவில போடல?"

எனக்குப் புரியவில்லை.

"அதாங்க, பெரு மழை வந்து தறிக்குழில தண்ணி பூந்துச்சே. நீங்க கேமரா எடுத்துகினு வந்தீங்களே. இவர்கிட்டயும் கேட்டீங்க, எங்கிட்டயும் கேட்டீங்க. சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன், இன்னிக்கு டிவில வரேன், பாருங்கன்னு. இவரு வந்தாரு. நான் வரல. பின்னாடி கொடம் எடுத்துகினு போறேன், அது மட்டும் வந்துச்சு."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மழை எனக்கு நினைவிருந்தது. அந்த வாரம் சேவூரில், இந்தப் பக்கத்துத் தெருக்களில் எடுத்தது நினைவிருந்தது. இந்த வீடு நினைவில்லை. இந்த முகமும் நினைவில்லை.

அவர் என் முகத்திலிருந்து அதைப் படித்துவிட்டார்.

"ஞாபகம் இல்லீங்களா?" அவர் குரலில் கோபம் இல்லை. "நீங்க வீடு கேட்டு வந்தப்போ, எங்களை ஞாபகம் வெச்சிகினுதான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். இவர்கிட்டகூட சொன்னேன். எத்தினியோ வீடு இருக்குது, இங்க வந்து கேக்குறாங்க பாருன்னு."

தரகர் காட்டிய மூன்றாவது வீடு இது. முதல் இரண்டில் தண்ணீர் வசதி இல்லை. பேச முடிந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். "ஞாபகம் இல்லாம என்னங்க, வேலை மும்முரத்துல" என்று ஏதாவது. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். இல்லை என்று தலையை ஆட்டினேன். ஞாபகம் இல்லை.

அவர் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு, "பரவால்லீங்க, எத்தினி பேரைப் பாக்குறீங்க" என்று இறங்கிப் போனார்.

என் படப்பதிவுகளை வெட்டாத நிலையிலேயே பாடத்துக்காகப் பத்திரப்படுத்தி வைப்பவள் நான். அடுத்த நாள் கல்லூரிப் பேருந்தை விட்டுவிட்டு, ஹார்டு டிஸ்க்குகளைப் போட்டுத் தேடினேன். பதினோரு மணிக்குக் கிடைத்தது. ஈரச் சுவர். பச்சைச் சேலையில் கொஞ்சம் ஒல்லியாக அந்த அம்மா. பின்னால் தறியின் கால்கள் தண்ணீரில் நின்றன.

"மூணு நாளா கீழ அடுப்பு பத்த வைக்க முடியலீங்க. தெருவுல மொட்டை மாடி இருக்குற வீடு இது ஒண்ணுதான். எல்லாரும் எங்க மாடிக்கு வந்துட்டாங்க. தார்ப்பாய் கட்டி ஒரே அடுப்புல சமைச்சோம். எங்கிட்டப் பேசாத ஓரகத்திகூட வந்தாங்க. வெங்காயம் அரிஞ்சிகினு, கதை பேசிகினு... தப்பா நெனைக்காதீங்க, சந்தோஷமா இருந்துச்சுங்க. கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து தறிச் சத்தம் இல்லாத நாளே பாத்ததில்ல. அந்த மூணு நாளும்தான் ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேட்டுச்சு."

திரைக்கு வெளியே ஒரு குரல் குறுக்கே வந்தது. தெளிவான, நல்ல உச்சரிப்புள்ள குரல். "சரிங்கம்மா, சரிங்கம்மா. நஷ்டத்தைப் பத்திச் சொல்லுங்க."

அந்த அம்மா வாயை மூடிக்கொண்டார். பிறகு, "அது அவரைத்தாங்க கேக்கணும்" என்றார். கேமரா கணவர் பக்கம் திரும்பியது.

நான் ஏன் வெட்டினேன் என்று எனக்குத் தெரியும். வெள்ளச் செய்தியில் ஒரு பெண் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் செய்தி ஆசிரியர் கேலி செய்வார். பார்ப்பவர்கள் அந்த அம்மாவைத் திட்டுவார்கள் என்றும் எனக்கு நானே அன்று சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போதும் அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குறுக்கே வந்த குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. வெட்டும் மேசையில் எப்போதும் முதலில் நீக்குவது நம் கேள்வியைத்தான்.

என் அறை அந்த மாடியில் பிறகு கட்டியது. அவர்கள் தார்ப்பாய் கட்டிய இடத்தில்தான் நான் மூன்று வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

மாலை அவர் வந்ததும் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி ஓடவிட்டேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் சிரித்தார். "ஐயே, எவ்ளோ ஒல்லியா இருக்கேன் பாருங்க. அந்தப் பொடவையைக் கிழிச்சுத் தொடைக்கிற துணி ஆக்கியாச்சு." 'சரிங்கம்மா' என்ற குரல் வந்தபோது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும், "இன்னொரு தபா போடுங்க" என்றார். மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை ஓடிக்கொண்டிருந்தபோது, "பேசுனது எல்லாமே இருக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டி, நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'இதை என் வகுப்பில் காட்டலாமா?'

படித்துவிட்டு யோசித்தார். "காட்டுங்க. டிவில வராதது காலேஜ்லயாவது வரட்டும்."

வியாழக்கிழமை வகுப்பில் முதலில் ஒளிபரப்பான செய்தியைக் காட்டினேன். இரண்டு நிமிடம். பின்பு வெட்டாத பதிவைக் காட்டினேன். ஒன்றும் எழுதவில்லை, ஒன்றும் விளக்கவில்லை. விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு, வெம்பாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாள். அந்தப் பருவம் முழுக்க நான் கேட்டால் ஒழிய வாய் திறக்காதவள்.

"மேடம், சொல்லலாமா?"

தலையாட்டினேன்.

"நீங்க போறதுக்கு முன்னாடியே அவங்க என்ன சொல்லணும்னு முடிவு பண்ணிட்டுப் போயிருக்கீங்க. அப்புறம் எதுக்கு மேடம் கேள்வி?"

முன்வரிசைப் பையன் ஒருவன் அவளை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினான். அவள் உட்காரவில்லை. நான் பலகையில் 'ஆமாம்' என்று எழுதினேன். வேறு எதை எழுதுவது என்று தெரியவில்லை. மணி அடிக்கும் வரை அந்த ஒரு சொல் அங்கே இருந்தது. இத்தனை வருடத் தொழிலில் நான் நடத்திய நல்ல வகுப்பு அதுதான் என்று நினைக்கிறேன், அதை நடத்தியது நானில்லை என்றாலும்.

பதினைந்து நாள் முடிந்து மருத்துவரிடம் போனேன். குழாயை விட்டுப் பார்த்தார். "பேசுங்க" என்றார். என்ன பேசுவது என்று தெரியாமல், "வணக்கம்" என்றேன். செய்தி தொடங்கும்போது சொல்வது. கரகரப்பாக, யாரோ ஒருவருடைய குரலாக இருந்தது.

"நல்லா ஆறியிருக்கு. ஆனா பழையபடி ரெண்டு வேலையும் பார்த்தீங்கன்னா ஆறு மாசத்துல திரும்ப இங்க வருவீங்க. ஏதாவது ஒண்ணை வெச்சிக்கங்க. எதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

முடிவைச் செய்தி ஆசிரியர் எனக்கு எளிதாக்கினார். போனில் நலம் விசாரித்தார். நான் இல்லாத இரண்டு வாரமும் நிகழ்ச்சிக்குக் குரல் கொடுத்த புதிய பெண்ணைப் பற்றிச் சொன்னார். "நீங்க டென்ஷன் ஆகாதீங்க மேடம். ரொம்ப நல்லாப் போகுது. பாத்தவங்க யாருமே எதுவும் கேக்கல." ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் நல்ல மனிதர். அடுத்த வாரமே சேனலிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதி அனுப்பினேன். கேமராக்காரர் மட்டும், "ஏன்க்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். படிவத்தில் எழுதிய உறவை அவர் பிறகும் விடவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

வகுப்பில் இப்போது சட்டையில் குத்திக்கொள்ளும் மைக் வைத்துக்கொள்கிறேன். எறிந்து பேச வேண்டியதில்லை. மாணவர்களுக்குப் பாதிக் குரல் பழகிவிட்டது.

வீட்டில்தான் நான் எதிர்பாராதது நடந்தது. எனக்குக் குரல் வந்ததும் வீட்டுக்கார அம்மா மாடிக்கு வருவது குறைந்தது. முதல் நாள் துணி எடுக்க வந்தவரைப் பார்த்த மகிழ்ச்சியில் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். "வாங்க, ஓரகத்தி வந்திருந்தாங்களே, என்ன சொன்னாங்க? சமாதானம் ஆயிட்டீங்களா? பையன் போன் பண்ணினானா?" ஒரே மூச்சில் மூன்று கேள்வி. அவர் முகம் பழைய மாதிரி ஆனது. "ஒண்ணுமில்லீங்க. சும்மாதான் வந்தாங்க. குரல் நல்லா வந்துடுச்சு போலக்குதே, சந்தோஷம்ங்க" என்று துணிகளை மடிக்காமலே அள்ளிக்கொண்டு போனார்.

அடுத்தடுத்த நாட்களில் பேசாமல் இருந்து பார்த்தேன். பேச முடிந்தவள் பேசாமல் நிற்பது வேறு மாதிரி இருந்தது. அவருக்குத் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகத் தோன்றியிருக்க வேண்டும். "உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார்.

சனிக்கிழமைகள் காலியாகக் கிடந்தன. சென்னைப் பேருந்து கிளம்பும் நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். குளித்து, சேலை கட்டிக்கொண்டு, எங்கும் போகாமல் உட்கார்ந்திருப்பேன். கீழே தறிகள் ஓடத் தொடங்கும். நான் வேலையில் இருக்கும்போது இந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. இப்போது சனிக்கிழமை முழுவதும் அதுதான் துணை.

ஒரு சனிக்கிழமை மாலை என் பழைய நிகழ்ச்சி வரும் நேரத்துக்குக் கீழே இறங்கிப் போனேன். மாடியில் என்னிடம் தொலைக்காட்சி கிடையாது. அந்தத் தொழிலில் இருந்தவர்கள் பலர் வீட்டில் அதை வைத்துக்கொள்வதில்லை. கணவர் தறியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வாங்க, வாங்க" என்று பாயை விரித்தார். நான் ஒரு பிடி கீரையை இழுத்துக்கொண்டு ஆயத் தொடங்கினேன். நிகழ்ச்சி ஓடியது. செய்யாற்றுப் பக்கம் ஏதோ பாலம்.

"இந்தப் பொண்ணு ரொம்ப ஜல்தி ஜல்தியா பேசுது" என்றார் கணவர். "நீங்க பேசுனப்போ புரியும்."

"அவங்க இருக்கும்போது டிவியைப் பாத்து என்னா பேச்சு? நிறுத்துய்யா" என்றார் அந்த அம்மா. அவர் நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு இன்னும் முயற்சிதான். நாக்கின் நுனியில் ஒரு கேள்வி எப்போதும் நிற்கிறது. பாதிக் கீரை முடிந்திருக்கும். அந்த அம்மா காம்பைக் கிள்ளிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், "ஓரகத்தி புள்ளைக்குப் பொண்ணு பாத்திருக்காங்களாம். சேத்துப்பட்டுல" என்றார்.

"ம்" என்றேன்.

"நிச்சயத்துக்கு என்னையும் கூப்டிருக்காங்க."

"ம்."

அதற்கு மேல் அன்று அவர் சொல்லவில்லை. போதும் போலிருந்தது. போதாது போலவும் இருந்தது. கீரை முடிந்ததும் எழுந்து மேலே வந்தேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் இறங்கிப் போகிறேன். எல்லா வாரமும் அவர்கள் இருப்பதில்லை. போன வாரம் கீழே பூட்டுத் தொங்கியது. நிச்சயத்துக்குப் போயிருப்பார்கள். என்னிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். தறி ஓடாததால் பக்கத்து வீட்டுக் குழந்தை பாடம் படிப்பதும், தெருமுனையில் டவுன் பஸ் திரும்புவதும், எதிர்வீட்டில் இருவர் ஏதோ பேசிச் சிரிப்பதும் தெளிவாகக் கேட்டன. எதிர்வீட்டுப் பெண் தலையை நீட்டி, "அவங்க சேத்துப்பட்டு போயிருக்காங்க. உக்காருங்களேன்" என்றாள். இந்தத் தெருவுக்கு வந்த இத்தனை நாளில் அவளோடு பேசியதில்லை.

"பரவால்லீங்க" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.